அருங்காட்சியகத்தில் சோழனைத் தேடுகிறவர்கள்

சமோசிர் தீவில் ஒரு சிறிய அருங்காட்சியகம். பழைய மர வீடு. உள்ளே நான்கு கண்ணாடிப் பெட்டிகள், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண். பினாங்கிலிருந்து நாங்கள் பதினொரு பேர் போயிருந்தோம். மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து பராப்பாட்டுக்கு வேன், பிறகு படகு. எல்லாரும் இலக்கியம், வரலாறு என்று ஆர்வம் உள்ளவர்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வங்கி அதிகாரி ஒருவர், முகநூலில் நீளமாக எழுதக்கூடிய மூன்று பேர். அந்த மூவரில் நானும் ஒருவன்.

ஒரு பெட்டிக்குள் மூங்கில் குழாய் ஒன்று இருந்தது. அதன் மேல் கட்டம் கட்டமாகக் கீறல்கள். வழிகாட்டி மலாயில் விளக்கினார். இது பொர்ஹாலான், பாத்தாக் மக்களின் நாட்காட்டி. நல்ல நாள் பார்க்க தாத்து என்கிற பூசாரி இதைப் பயன்படுத்துவார். பிறகு நாட்களின் பெயர்களைச் சொன்னார். ஆர்த்தியா, சூமா, அங்காரா, மூடா, போராஸ்பதி, சிங்கோரா, சமிசாரா.

தலைமையாசிரியர் துள்ளிவிட்டார். "ஆதித்தன், சோமன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனீஸ்வரன்! ஐயா, நம்ம கிழமைங்கய்யா!" எல்லாரும் கைப்பேசியை எடுத்தோம். வழிகாட்டி மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று இரவு படத்தை முகநூலில் ஏற்றினேன். "சுமத்ராவின் நடுவில் தமிழ்க் கிழமைகள்!" என்று தலைப்பு. அதற்கு முன் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு விருப்பக்குறிகள் விழுந்ததில்லை.

அந்தப் பதிவு அப்பட்டமான தவறு. ஆதித்யன், சோமன், அங்காரகன் எல்லாம் வடமொழிப் பெயர்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று சொல்கிற மொழிக்காரன் நான். "தமிழ்க் கிழமைகள்" என்று எழுதும்போது இது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரிய விரும்பவில்லை. இந்தக் கட்டுரை அந்த விருப்பமின்மையைப் பற்றியது.

*

நம்மாட்கள் பாத்தாக் நாட்டுக்குப் போனால் இரண்டு விஷயங்களைத்தான் தேடுகிறார்கள். ஒன்று, சோழன். இன்னொன்று, மனிதக்கறி.

மனிதக்கறியைத் தேடுவது வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிய பழக்கம். வில்லியம் மார்ஸ்டன் 1783இல் வெளியிட்ட சுமத்ரா வரலாற்று நூலில் ஐரோப்பாவை வியக்கவைத்த செய்தி இதுதான்: மனித மாமிசம் தின்பதாகச் சொல்லப்படும் இந்த மக்களுக்கு எழுத்தும் புத்தகமும் இருக்கின்றன! இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று அவர்களுக்குப் புரியவில்லை. இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் சுற்றுலாப் பயணி கல் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை வெட்டுவதுபோலப் படம் எடுத்துக்கொள்கிறான். சுற்றுலாக்காரன் கேட்கிறான், அவர்களும் நடித்துக் காட்டுகிறார்கள். பிழைப்பு. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டித்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சோழனைத் தேடுவதைக் கண்டிக்கத்தான் ஆளில்லை. ஏனென்றால் அது நமக்குப் பெருமையாக இருக்கிறது. பார்க்க ஆராய்ச்சி மாதிரியும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளிடமும் நாம் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். "இதில் எங்களுடையது எது?" பதில் கிடைத்தால் படம் எடுக்கிறோம். கிடைக்காவிட்டால் அடுத்த பெட்டி.

நான் கெடாவில் வளர்ந்தவன். பள்ளி நாட்களில் எங்களை மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கோயில் அடித்தளம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அதைக் கட்டியவர்களைப் பற்றிய பேச்சு மென்று விழுங்கப்படுகிறது என்பது. 2013இல் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய கோயில் ஒன்றின் எச்சத்தை வீடமைப்பாளர் ஒருவர் இடித்துத் தள்ளியபோது நாம் எவ்வளவு கொதித்தோம்! நியாயமான கொதிப்பு. ஒரு மக்களின் வரலாற்றை இன்னொருவர் தன் வசதிக்கு ஏற்ப வாசிப்பது எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியும்.

தெரிந்தும், நீரிணையைத் தாண்டியதும் அதையே நாம் அடுத்தவனுக்குச் செய்கிறோம்.

*

உடனே வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். "அப்படியென்றால் தொடர்பே இல்லை என்கிறீர்களா?"

இருக்கிறது. தாராளமாக இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் துறைமுகம். அதற்கு அருகில் லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு ஒய். சுப்பராயலு மீண்டும் படித்துத் திருத்தமான வாசிப்பைத் தந்தார். மேடான் அருகே கோத்தா சீனாவில் விஷ்ணு சிலையும் புத்தர் சிலைகளும் கிடைத்திருக்கின்றன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் பண்ணை, இன்றைய பாடாங் லாவாஸ் பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காரோ மக்களில் செம்பிரிங் என்னும் பெருங்குலத்தின் கிளைப் பெயர்களைப் பாருங்கள். சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமணா. இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை. காரோக்காரர்களே சொல்கிறார்கள்.

ஆனால் அந்த லோபு துவா கல்வெட்டு என்ன சொல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அதில் படை இல்லை, வெற்றி இல்லை, புலிக்கொடி இல்லை. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி எடுத்த ஒரு முடிவு அது. கப்பலில் வருகிற மரக்கல நாயன்மார் முதலானவர்கள் கஸ்தூரி விலைக்கு ஏற்ப இவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்கிற சந்தை விதி. இன்றைய பேச்சில் சொன்னால் துறைமுகக் கட்டண அறிவிப்பு. அதை வைத்துக்கொண்டு நாம் "கடாரம் கொண்டான்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம்.

சரி, அந்த வணிகர்கள் எதற்காக அங்கே போனார்கள்? கற்பூரத்துக்காக. பாருஸ் கற்பூரம் உலகப் புகழ் பெற்றது. மலாயில் இன்றும் கற்பூரத்துக்கு காப்பூர் பாருஸ் என்றுதான் பெயர். நாம் பச்சைக் கற்பூரம் என்கிறோமே, பெருமாள் கோயில் தீர்த்தத்தில், சர்க்கரைப் பொங்கலில் சிட்டிகை போடுவோமே, அது அந்தக் காட்டு மரத்தின் பொருள். மரத்தை அடையாளம் கண்டு, வெட்டி, பிளந்து, உள்ளே படிகமாக இருப்பதைச் சுரண்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் உள்நாட்டு மக்கள், பாத்தாக்கியரின் முன்னோர். கற்பூரம் என்கிற வடமொழிச் சொல்லே காப்பூர் என்ற தீவுமொழிச் சொல்லிலிருந்து போனதாக இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சொல்வதுண்டு.

ஆக, தொடர்பு இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. நம் சாமிக்குக் காட்டிய வாசனை அவர்கள் காட்டிலிருந்து வந்தது. ஒரு பாத்தாக்கியர் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் நின்று "இதில் எங்களுடையது எது?" என்று கேட்டு, "கற்பூரம்!" என்று துள்ளி, கோபுரத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்தது. அதை வைத்து இந்தியாவே எங்கள் மண் என்று அவர்கள் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

*

இரண்டாவது முறை தனியாகப் போனேன். அதே வீடு. அதே நாட்காட்டி. இந்த முறை வழிகாட்டி பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். முதல் முறை நாங்கள் கேட்காமல் விட்டது இதுதான்.

பொர்ஹாலானில் பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு முப்பது நாட்கள். கட்டங்களில் தேள் போன்ற ஓர் உருவம் நகர்ந்துகொண்டே போகும். பானே நா போலோன் என்னும் ஆற்றல் ஒன்றும் உண்டு. அது எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் பயணமோ போரோ முடிவாகும். வந்து சேர்ந்த ஏழு நாட்பெயர்களோடு அவர்கள் நிற்கவில்லை. எட்டாம் நாளுக்கு அந்தியான் நி ஆயேக், ஒன்பதாம் நாளுக்கு சூமா நி மங்காடோப் என்று அடைமொழி சேர்த்து முப்பது நாளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஏழை வாங்கி முப்பதாக்கியிருக்கிறார்கள். போராஸ்பதி என்றால் நமக்கு வியாழ பகவான். அங்கே போராஸ்பதி நி தானோ மண்ணின் தெய்வம், பல்லி உருவம். வீட்டு முகப்பு மரச் செதுக்கலில் முலைகளை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும், வளத்தின் அடையாளமாக. தேவகுருவைப் பல்லியாக்கி வீட்டு வாசலில் ஏற்றிய கற்பனை அவர்களுடையது. நாங்கள் பதினொரு பேரும் அந்தப் பல்லிக்குக் கீழே நின்றுதான் முதல் முறை குழுப்படம் எடுத்தோம். யாருக்கும் தெரியாது.

எழுத்தும் அப்படித்தான். பிராமியிலிருந்து பல்லவ எழுத்து வழியாகச் சுமத்ராவுக்குப் போனது, உண்மை. நாம் அதோடு நிறுத்திவிடுகிறோம். "நாம் கொடுத்த எழுத்து" என்கிறோம். எடுத்துக்கொண்டவர்கள் அதை என்ன செய்தார்கள்? மெய்யெழுத்துகளுக்கு இனா நி சுராட், எழுத்துகளின் தாய் என்று பெயர். உயிர்க்குறிகளுக்கு அனாக் நி சுராட், எழுத்துகளின் பிள்ளைகள். நாம் உயிர், மெய் என்று உடம்பை வைத்து யோசித்தோம். அவர்கள் குடும்பத்தை வைத்து யோசித்திருக்கிறார்கள். நம் புள்ளி மாதிரி அவர்களுக்கு பங்கோலாட் உண்டு. ஆனால் "திப்" என்று எழுத வேண்டுமானால் நாம் "தி"யை முடித்துவிட்டுத்தான் "ப்"புக்குப் போவோம். அவர்கள் முதலில் "த", "ப" இரண்டையும் எழுதிவிட்டு, இகரக் குறியை "ப"வுக்குப் பிறகு போட்டு, கடைசியில் பங்கோலாட் வைப்பார்கள். அசையை மொத்தமாகக் காதில் வாங்கி எழுதுகிற முறை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, சோழனைக் கண்டுபிடித்தபோது உண்டான மகிழ்ச்சியைவிடப் பெரியது. அதை முகநூலில் போட்டேன். ஆறு விருப்பக்குறி.

புஸ்தஹா என்கிற மரப்பட்டைப் புத்தகங்களில் தாத்துகள் குறி, மருந்து, காவல் மந்திரம் எல்லாம் எழுதிவைத்தார்கள். அலிம் மரத்தின் பட்டையை நீளமாக உரித்து விசிறிபோல மடித்தது. எழுத்து பூசாரிக்கு மட்டும் சொந்தமாகவும் இருக்கவில்லை. காரோ இளைஞர்கள் மூங்கிலில் காதல் புலம்பல்களைக் கீறிவைத்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகங்கள் இன்று எங்கே? பெரும் தொகுப்புகள் லெய்டனில், ஆம்ஸ்டர்டாமில், ஜெர்மானிய நூலகங்களில், லண்டனில். டச்சு பைபிள் சங்கம் அனுப்பிய வான் டெர் டூக் 1850களில் பாருஸில் தங்கி மொழியைக் கற்றார். முதல் தோபா இலக்கணத்தை எழுதினார். அவர் சேர்த்தவை லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜெர்மனியில் இருக்கும் பாத்தாக் சுவடிகளுக்கு 1973இல் அட்டவணை தயாரித்தவர் லிபர்ட்டி மானிக், ஒரு பாத்தாக்கியர். இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பாடும் தேசபக்திப் பாடல் ஒன்றுக்கு இசையமைத்தவரும் அவர்தான். தன் முன்னோரின் புத்தகங்களைப் பட்டியலிட அவர் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. பட்டியலும் ஜெர்மன் மொழியில்தான் வந்தது.

ஊரில் எஞ்சியிருக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் ஒரு புஸ்தஹாவின் இரண்டு மடிப்புகள் மட்டும் விரித்துவைக்கப்பட்டிருக்கின்றன. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்தார். "லாயே, எனக்குப் படிக்கத் தெரியாது. என் தாத்தாவுக்குத் தெரியும்." இதுதான் அந்த அறையில் இருந்த பெரிய செய்தி. முதல் முறை நாங்கள் பதினொரு பேர் பத்து நிமிடம் அந்தப் பெட்டி முன் நின்றோம். எழுத்தின் மூலம் எது என்று சண்டை போட்டோம். படிக்கிறவர் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

*

லாயே என்றால் மச்சான். தோபா ஆண்கள் முன்பின் தெரியாத ஆணை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணன் இல்லை, தம்பி இல்லை, மச்சான். அவர்கள் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, உங்கள் மார்கா என்ன? மார்கா என்பது தந்தை வழிக் குலம். அது தெரிந்தால்தான் எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்யலாம்.

முதல் பயணத்தில் எங்கள் குழுவிடமும் அந்தக் கேள்வி வந்தது. வங்கி அதிகாரி என் காதில், "நம்ம ஜாதிய கேக்கிறாரு சார்" என்றார். எங்களில் ஒருவர் மலாயில் தன் சாதிப் பெயரைச் சற்று நிமிர்ந்தே சொன்னார். வழிகாட்டி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்படியானால் அந்தப் பெயருள்ள வீட்டில் நீங்கள் பெண் எடுக்க முடியாது, இல்லையா?"

"இல்ல இல்ல. அதுக்குள்ளதான் எடுக்கணும். வெளியே எடுக்கக் கூடாது."

வழிகாட்டி முகம் மாறிவிட்டது. அவர் சொன்ன சொல் சும்பாங். உடன்பிறந்தவளைக் கட்டுவதற்கு அங்கே சொல்லும் சொல். அவருக்கு மார்காவுக்குள் திருமணம் என்றால் அதுதான் பொருள். துங்கல் பனாலுவான் என்னும் செதுக்கிய மந்திரக்கோல் எல்லாப் பெட்டியிலும் நிற்கிறதே, அதன் கதையே அதுதான். உடன்பிறந்த இரட்டையர் கூடி, மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்ட கதை. எங்கள் பக்கம் திரும்பி அவர் சங்கடமாகச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வேனில் ஏறியதும் "அவங்களுக்குப் புரியல" என்று பேசிக்கொண்டோம்.

புரியாதவர்கள் நாம்தான். மார்கா வெளியே பெண் எடுக்கச் சொல்கிறது, சாதி உள்ளே அடைத்து வைக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் நம் ஊர்க் குலம், கூட்டம், கோத்திரம் இவற்றோடு ஒப்பிடலாம். ஆனால் அதற்கு மேலே கூரையாகச் சாதி அங்கே இல்லை. இதைத்தான் அந்த அருங்காட்சியகம் நமக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும்.

தாலிஹான் நா தோலு என்று ஒரு சொல்லை எல்லாச் சுவரிலும் எழுதிவைத்திருப்பார்கள். அடுப்பின் மூன்று கல் என்று பொருள். நமக்கு விளக்கமே வேண்டாம், எங்கள் தோட்டத்து வீட்டில் என் பாட்டி மூன்று கல் வைத்துத்தான் கஞ்சி காய்ச்சினாள். ஒரு கல் ஹுலா ஹுலா, பெண் கொடுத்தவர்கள். ஒரு கல் தோங்கான் தூபு, தன் குலத்தார். ஒரு கல் போரு, பெண் எடுத்தவர்கள். அவர்களுடைய மூதுரை ஒன்றின் கருத்து இது: பெண் கொடுத்தவரை வணங்கு, பெண் எடுத்தவரை அரவணைத்துப் போ, உன் குலத்தாரிடம் பார்த்து நடந்துகொள்.

பெண் கொடுத்தவரை வணங்கு. மறுபடி படியுங்கள். பாத்தாக் திருமணத்தில் உயர்ந்த இடம் பெண் வீட்டாருக்கு. மாப்பிள்ளை வீட்டார்தான் சினாமோட் என்னும் பரியப் பணம் கொடுக்க வேண்டும், இறைச்சி கொண்டுவந்து வைக்க வேண்டும். பெண் வீட்டார் மீனும் ஊலோஸ் துணியும் கொடுத்து ஆசீர்வதிப்பார்கள். எந்த வீட்டு விசேஷத்திலும் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுவது அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள்.

என் அக்கா திருமணத்தன்று அப்பா மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு சித்தப்பாவுக்கு முன் கைகட்டி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு ரசம் சூடாக இல்லையாம். அப்பா தோட்டத்து மண்டோர், நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கியவர். அன்று ரச வாளியை அவரே தூக்கிக்கொண்டு போனார். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு அதுதான் கண்ணில் வந்தது, சோழன் வரவில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிய வேண்டும் என்பது உலக நியதி இல்லை, நாம் ஏற்படுத்திக்கொண்ட ஒன்று என்பதற்குச் சாட்சியாக ஒரு முழு மக்களினம் பக்கத்துத் தீவில் வாழ்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஹுலா ஹுலா பிறவியிலேயே உயர்ந்தவர் இல்லை. இன்று இந்த வீட்டில் வணக்கம் வாங்குகிறவர், நாளை தான் பெண் எடுத்த வீட்டில் பரிமாற ஓடுவார். மேலும் கீழும் சுற்றிச் சுற்றி வரும். நம் மேல்கீழ் சுற்றுமா?

"அவங்களும் மாமன் மகளைக் கட்டுவாங்க, நம்ம மாதிரியே" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அரை உண்மை. தாய்மாமன் மகள் அவர்களுக்குப் பாரிபான், விரும்பத்தக்க உறவு. ஆனால் அத்தை மகளைக் கட்டக் கூடாது. நமக்கு இரண்டும் முறைப்பெண். அவர்களுக்குக் கூடாது என்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். பெண் ஒரே திசையில்தான் போக வேண்டும், திரும்பி வந்தால் வணங்குகிறவர் யார், வணங்கப்படுகிறவர் யார் என்று குழம்பிவிடும். "நம்ம மாதிரியே" என்ற இரண்டு சொல் இந்த முழு ஏற்பாட்டையும் அடித்துச் சென்றுவிடுகிறது.

இதைச் சொர்க்கமாக்கிக் காட்டவும் நான் வரவில்லை. அங்கே மகளுக்குச் சொத்துரிமை இருக்கவில்லை. காரோ பெண்களுக்கு மகன்களோடு சமபங்கு உண்டு என்று இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் 1961இல் சொல்ல வேண்டியிருந்தது. அடிமைகளும் இருந்தார்கள். சினாமோட் பேரம் இன்று பல இளைஞர்களின் கழுத்தை நெரிக்கிறது. ஒரு மக்களை மதிப்பது என்றால் அவர்கள் குறையையும் அவர்களுடையதாகவே பார்ப்பது.

*

அருங்காட்சியகங்களின் மேலும் எனக்குப் புகார் உண்டு. சிகலே-கலே என்னும் ஆளுயர மரப்பொம்மை. தோமோக்கில், சிமானிண்டோவில் சுற்றுலாப் பயணிகளுக்கு முன் ஆடுகிறது. கூடவே ஆடலாம், படம் எடுக்கலாம். அது பிள்ளையில்லாமல் செத்தவனின் சாவுச் சடங்கில் ஆட வேண்டிய பொம்மை. அழ மகன் இல்லாதவனுக்காக அழுத பொம்மை. எங்கள் குழு அதோடு கோலாட்டம் மாதிரி ஆடியது. அது இழவு வீட்டுப் பொம்மை என்று எந்தப் பலகையும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதைவிட மோசம், இறந்தகால வினைமுற்று. "பண்டைய பாத்தாக்கியர் முலாஜாடி நா போலோனை வணங்கினர்." வணங்கினர்? பர்மாலிம் சமயத்தார் லாகுபோத்தி பக்கம் ஹுத்தாதிங்கியில் இன்றைக்கும் வணங்குகிறார்கள். சிசிங்கமங்கராஜாவைப் போற்றுகிறார்கள், கோண்டாங் மேளம் வாசிக்கிறார்கள். நீண்ட காலம் அவர்கள் அடையாள அட்டையில் மதம் என்ற இடம் வெற்றாக இருந்தது. வெற்றிடத்தோடு வேலை தேடிப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களில் சிலரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2017 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. வழக்காடி வென்ற மக்களின் தெய்வத்தைக் கண்ணாடிக்குள் வைத்து "வணங்கினர்" என்று எழுதுவதற்கு என்ன பெயர்?

"பாத்தாக்" என்ற சொல்லே எல்லாருக்கும் ஒப்புதலானதல்ல. தோபா, காரோ, சிமாலுங்குன், பக்பாக், அங்கோலா, மண்டைலிங் என்று ஆறு பிரிவாகச் சொல்கிறார்கள். காரோவில் பலர் தங்களைக் காரோ என்று மட்டும் சொல்லச் சொல்கிறார்கள். மண்டைலிங்கில் பலர் பாத்தாக் என்றால் கோபப்படுகிறார்கள். நம் நாட்டில் மண்டைலிங் வம்சாவளியினர் மலாய்க்காரர் கணக்கில் வருகிறார்கள். 2012இல் தோர்தோர் ஆட்டத்தையும் கோர்டாங் செம்பிலான் மேளத்தையும் மலேசியா தேசிய மரபாகப் பதியப் போவதாகச் சொன்னபோது ஜகார்த்தாவில் போராட்டம் வெடித்தது. எனவே ஒரே ஒரு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு "பாத்தாக் பண்பாடு" என்று கட்டுரை எழுதாதீர்கள். பாலிகேயில் பாத்தாக் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரஸ்தாகியில் பழைய கத்தோலிக்க தேவாலயக் கட்டடத்தில் காரோ அருங்காட்சியகம். பெமாத்தாங் சியாந்தாரில் சிமாலுங்குன் அருங்காட்சியகம். மேடானில் மாநில அருங்காட்சியகம். நான்கும் நான்கு விதமாகப் பேசும். அந்த வேறுபாடுதான் பாடம்.

*

"இவ்வளவு பேசுகிறீர்களே, நம் வரலாற்றைத் தேடுவது குற்றமா?" என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். வருத்தத்தோடுதான் கேட்டார். தோட்டத்தில் பிறந்து, வேர் என்று காட்ட ஒன்றுமில்லாமல் வளர்ந்த தலைமுறை அவருடையது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்வெட்டு கிடைத்தால் கண் கலங்குவார். அதை நான் கேலி செய்யவில்லை, சார். தேடுங்கள். மேடானுக்கே போகிறீர்கள், 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் கம்போங் கெலிங்கில் இருக்கிறது. டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ராஜேந்திரனைத் தேடிப் போகிற நம் வேன்கள் அவர்கள் தெருவைத் தாண்டித்தான் போகின்றன, நிற்பதில்லை. அந்தத் தோட்டங்கள் காரோ மக்களும் மலாய்க்காரர்களும் வாழ்ந்த நிலத்தில் போடப்பட்டவை. கூலியாக வந்த தமிழனும் நிலம் இழந்த காரோக்காரனும் ஒரே மண்ணில் எதிரெதிரே நின்ற அந்தக் கதையும் நம் வரலாறுதான். அதில் பெருமை குறைவு என்பதால் யாரும் தேடுவதில்லை.

அந்தப் பழைய முகநூல் பதிவை நான் நீக்கவில்லை. கீழே திருத்தம் எழுதினேன். இவை வடமொழிப் பெயர்கள், இவற்றை முப்பதாக்கியது பாத்தாக்கியர், படத்தில் மேலே தெரியும் பல்லிதான் பிரகஸ்பதி என்று. அதற்கு வந்த முதல் பின்னூட்டம்: "பல்லியும் நம்ம பஞ்சாங்கத்துல இருக்கு அண்ணே. பல்லி விழும் பலன்."

இன்னும் பதில் எழுதவில்லை.